படச்சுருளும் கடைசித் தண்ணீரும்



கோல சிலாங்கூர் மாவட்டத்திலும் அதற்கு வடக்கே பரந்து கிடக்கும் தோட்டப்புறங்களிலும் பழைய குடும்பத்தார் வீடுகளுக்குள் சென்றால், முன்கூடத்துச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருப்பதைக் காணலாம். அது பெரும்பாலும் தாத்தாவின் படமாகவோ பாட்டியின் படமாகவோ இருக்கும். சில வீடுகளில் அந்த முகம் நேற்று எடுத்ததுபோல் துலக்கமாக இருக்கிறது. வேறு சில வீடுகளில் மஞ்சள் பாய்ந்து, கண் எது, வாய் எது என்று தெரியாதபடி மங்கிக் கிடக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எடுத்தவையாகவும் இருக்கும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று கேட்டால், காமிரா நல்லது, கடை நல்லது என்று சொல்வார்கள். வெயிலும் ஈரக்காற்றும் பூஞ்சணமும் படத்தைக் கெடுப்பவை என்பதும் உண்மையே. ஆயினும் பலரும் நினைத்துப் பாராத காரணம் ஒன்று உண்டு. அதுதான் தண்ணீர். படத்தைக் கழுவிய தண்ணீர் எவ்வளவு, அது எப்படிப்பட்ட தண்ணீர், கடைசியாக அலசிய தண்ணீரில் என்ன கலந்திருந்தது என்பவற்றைப் பொறுத்தே ஒரு படத்தின் ஆயுள் அமைகிறது. அந்தத் தண்ணீரின் வரலாற்றையே இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

இதனை நாங்கள் ஏட்டிலிருந்து கற்கவில்லை. ஒரு பிழை செய்து கற்றோம்.

2002-ஆம் ஆண்டு. நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். எங்களில் மூவருக்குப் புகைப்படக் கலையில் பித்து. பழைய காமிரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, விடுமுறையில் எங்களில் ஒருவர் பிறந்த தோட்டத்துக்குப் போனோம். இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால் உள்ள தோட்டம் அது. அங்கே பால் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர் இருந்தார். சிறுமியாக ரஜூலா கப்பலில் வந்தவர். கப்பல் கதையைத் தம் வாயால் சொல்லக்கூடியவர் அந்த லயத்தில் அவர் ஒருவர்தான் எஞ்சியிருந்தார். வாசற்படியில் அவரை உட்கார வைத்து ஒரு சுருள் முழுவதும் எடுத்தோம்.

அன்றிரவே குளியலறையை இருட்டாக்கிச் சுருளைத் துலக்கினோம். மருந்துகள் வாங்கிய கடையில், "கடைசி அலசலுக்கு இதையும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு சிறு புட்டியைக் காட்டியிருந்தார்கள். சோப்புத் தண்ணீர் போன்ற அந்தத் திரவத்துக்கு ஏன் காசு கொடுப்பது என்று விட்டுவிட்டு வந்திருந்தோம். தேநீர் நிறத்திலிருந்த தொட்டித் தண்ணீரிலேயே கழுவி, கொடியில் தொங்கவிட்டுப் படுத்துவிட்டோம். காலையில் பார்த்தால், சுருள் நெடுகிலும் வட்ட வட்டமாகத் துளிகள் காய்ந்த தடம். எல்லாவற்றிலும் நன்றாக அமைந்த படத்தில், பாட்டியின் இடக்கண்ணுக்குக் கீழே ஒரு வட்டம்.

"அடுத்த விடுமுறையில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம். அடுத்த விடுமுறைக்குள் பாட்டி காலமாகிவிட்டார்.

பிரதி எடுப்பதற்காக அந்த நெகடிவைக் கோல சிலாங்கூர்ப் பட்டணத்தில் படக்கடை வைத்திருந்த சீனப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆயர் ஹுஜான், சிக்கு" என்று மட்டும் சொன்னார். மழைத் தண்ணீர், வாத்தியாரே, என்பது அதன் பொருள். கடையின் பின்புறத்தில் மூடி போட்ட சாடிகளில் அவர் மழைநீர் பிடித்து வைத்திருந்ததை அப்போதுதான் கண்டோம். அவர் சொன்ன இரண்டு சொல்லுக்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அறிவு அடங்கியிருந்தது என்பது பின்னால் விளங்கியது.

அந்த அறிவு எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம்.

புகைப்படம் என்பது வெள்ளி உப்புகளின் வேலை. ஒளி பட்ட இடத்தில் உப்பு வெள்ளியாக மாறிக் கறுக்கிறது. ஒளி படாத இடத்து உப்பு அப்படியே நிற்கிறது. அதை நீக்காவிட்டால், படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவுடன் அதுவும் கறுக்கத் தொடங்கிப் படமே அழிந்துபோகும். இதற்கு வழி சொன்னவர் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். ஹைப்போ என்று நாம் வழங்கும் உப்பு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை அவர் 1819-லேயே கண்டிருந்தார். 1839-இல் புகைப்படக் கலை உலகுக்கு அறிமுகமானபோது, படத்தை நிலைநிறுத்த அதுவே உதவும் என்று எடுத்துரைத்தார். இன்றும் கறுப்பு வெள்ளைப் படத்தை நிலைநிறுத்துவது அந்த ஹைப்போவும் அதன் இனத்துப் பொருள்களுமே ஆகும்.

ஆனால் மருந்தே நஞ்சாகும் என்பது இதற்கும் பொருந்தும். வேலை முடிந்த ஹைப்போ படத்துக்குள் தங்கிவிட்டால், நாளடைவில் அது சிதைந்து, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைப் பற்றிக்கொள்கிறது. கறுப்பு நிறம் பழுப்பாகி, மஞ்சளாகி, மங்குகிறது. சுவரில் மாட்டிய பல படங்கள் மஞ்சள் பாய்ந்ததற்கு இது ஒரு முதன்மையான காரணம். புகைப்படம் தோன்றிப் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே இந்தத் தொல்லை பெரிதாகிவிட்டது. படங்கள் ஏன் மங்குகின்றன என்று ஆராய லண்டன் புகைப்படக் கழகம் 1855-இல் ஒரு குழுவையே அமைத்தது. போதிய அளவு கழுவாமல் ஹைப்போவைத் தங்கவிடுவது பெருங்குற்றம் என்பது அந்தக் குழுவின் முடிவுகளுள் தலையாயது.

அதே காலத்தில் நம் முன்னோர் நாட்டிலும் இந்தக் கலை வேரூன்றியது. 1856-இல் சென்னையில் புகைப்படக் கழகம் தொடங்கப்பட்டது. சென்னைப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்னும் அதிகாரி, அரசாங்கப் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டு, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமான ஒரே படமாக்கினார். இராசராசன் காலத்து எழுத்துகள் கல்லில் இருப்பது ஒரு காப்பு என்றால், 1858-இல் அவை இருந்த நிலை காகிதத்தில் இருப்பது மற்றொரு காப்பு. அந்தப் படம் இன்றளவும் அருங்காட்சியகத்தில் உள்ளது. செம்மையாகச் செய்த படம் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நேயர்களே, மன்னர்களின் எழுத்துக்குக் கல்லும் உண்டு, படமும் உண்டு. நம் தோட்டத்து மக்களுக்கு என்ன உண்டு?

சிலாங்கூர் ஆற்றங்கரைத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். 1905-இல் மலாயா வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகொன்னியே, 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியில் முதன்முதலாக வாணிக நோக்கில் செம்பனை பயிரிட்டார். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. இந்நாட்டின் செம்பனைத் தொழிலுக்கு அதுவே தொடக்கம் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தத் துரை பின்னாளில் மலாயா வாழ்க்கையை வைத்து நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசையும் பெற்றார். துரையின் பெயர் நிலைத்துவிட்டது. அங்கே காடு வெட்டிக் கன்று நட்ட தமிழர்களின் முகங்களை எங்கே தேடுவது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் புகைப்படக்காரர்கள் மலாய் மாநிலங்களில் சுற்றி எடுத்த தோட்டப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் பால்மரங்களுக்கு நடுவே நம்மவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆனால் படத்தின் கீழே மரத்தின் பெயர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும். நிற்கும் ஆளின் பெயர் இராது.

தனி ஆளாக, முகம் நேரே தெரியும்படி, பெயரோடு சேர்த்துத் தோட்ட மக்களைப் பெருந்தொகையாகப் படமெடுத்த காலம் 1948-க்குப் பிறகே வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டதும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் கட்டாயமாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டையை எல்லாரும் வைத்திருக்க வேண்டியதாயிற்று. எங்கள் வட்டாரத்துப் பெரியவர்கள், தாங்கள் காமிராவின் முன் முதன்முறையாக நின்றது அந்த அட்டைக்காகத்தான் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். பயத்தோடு நின்ற முகம்தான். ஆனாலும் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் தாத்தாவின் முகம். பிறகு குடியுரிமைக்கும், 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் கேட்டு அலைந்தபோதும், படமும் தாளும் எவ்வளவு பெரிய காரியம் என்பதை நம் மக்கள் அனுபவித்தே அறிந்தார்கள்.

படமே எஞ்சாதவர்களும் உண்டு. 1942-43-இல் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆயிரமாயிரம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர்க்கு முகம் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பாதையில் ஜார்ஜ் ஆஸ்பினால் என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கைதி, மடக்குக் காமிரா ஒன்றை மறைத்து வைத்து இரகசியமாகப் படமெடுத்தார். கிடைத்த மருந்தைக் கொண்டு தாமே துலக்கி, நெகடிவ்களைக் காத்து வைத்தார். அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும் அவர் அதைச் செய்தார். அந்தச் சில அங்குல நெகடிவ்களால்தான் கைதிகள் பட்ட பாட்டை இன்று உலகம் கண்ணால் காண முடிகிறது.

ஆகவே, ஒரு நெகடிவ் நமக்கு எவ்வளவு மதிப்புள்ளது என்பது விளங்கும். இனி, அதைக் காக்கும் தண்ணீருக்கு வருவோம்.

சுருளைக் கழுவும் தண்ணீருக்கு இரண்டு கடமைகள் உண்டு. முதலாவது, ஹைப்போவை வெளியேற்றுவது. இரண்டாவது, தான் எந்தத் தடமும் விடாமல் விலகிப்போவது. முதல் கடமைக்கு அளவும் பொறுமையும் போதும். சாதாரணக் குழாய்த் தண்ணீரே தாராளம். இரண்டாம் கடமைக்குத்தான் தூய நீரும் துணைத் திரவமும் வேண்டும்.

முதல் கடமையில் ஒரு சுவையான செய்தி உண்டு. நன்னீர் அரிதான கப்பல்களில் இரண்டாம் உலகப் போரின்போது கடல்நீரில் படங்களைக் கழுவிப் பார்த்தார்கள். கெட்டுவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பு. கடல்நீரிலுள்ள உப்புகள் ஹைப்போவை நன்னீரைவிட விரைவாக வெளியேற்றின. அதன் பயனாகவே, ஹைப்போவை விரைவில் நீக்கும் மருந்துகள் பின்னாளில் கடைக்கு வந்தன. ஆனால் கடல்நீரில் கழுவிய பிறகு நன்னீரில் அலசி அந்த உப்பையும் நீக்கியே ஆகவேண்டும். ஜெராம், தஞ்சோங் காராங் பக்கத்துக் கிணறுகளில் உவர் ஏறுவதைக் கண்டவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்க.

தண்ணீர் குறைவாக உள்ள இடத்துக்கு இல்ஃபோர்டு நிறுவனம் ஓர் எளிய முறையை வகுத்தது. தொட்டியில் நீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்தி ஊற்றிவிட வேண்டும். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மூன்றாவது தடவை நிரப்பி இருபது முறை. ஒரு மணி நேரம் குழாயைத் திறந்துவிடுவதற்குப் பதில் மூன்று தொட்டி நீரிலேயே சுருள் சுத்தமாகிவிடும். குறித்த நேரத்தில் மட்டும் குழாயில் நீர் வந்த தோட்டங்களை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

இரண்டாம் கடமைக்கு வருவோம். எங்கள் வட்டாரத்துத் தண்ணீரின் குணத்தை முதலில் சொல்ல வேண்டும். சிலாங்கூர் ஆற்றுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் இடையே 70,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்புக் காடு இருக்கிறது. இலையும் கட்டையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிக் கிடக்கும் மண் அது. அதன் வழியே வரும் நீர் தேநீர்போல் பழுப்பு நிறம் கொண்டது; புளிப்புத்தன்மையும் உடையது. அந்தப் பழுப்பு, மண் கலங்கியதனால் ஆனதன்று. மக்கிய இலையின் சாறு நீரோடு கரைந்ததனால் ஆனது. எனவே துணியில் வடிகட்டினாலும் போகாது. பழைய தோட்டங்களில் குளத்து நீரையும் வாய்க்கால் நீரையும் படிகாரம் போட்டுத் தெளிய வைத்துப் புழங்கினார்கள். ஊர்நாட்டில் தேற்றான்கொட்டையை உரசிச் சேற்று நீரைத் தெளிவிப்பார்கள் அல்லவா, அதைப் போன்ற வழி அது.

படிகாரத்துக்குப் படச்சுருளோடும் உறவு உண்டு என்பதை இங்கே சொல்லிவிடலாம். வெள்ளி உப்பைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் என்னும் பசை. 1871-இல் ரிச்சர்டு மேடாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் காட்டிய வழி அது. எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை, வெந்நீரில் இளகும். இருபது டிகிரி செல்சியஸில் செய்ய வேண்டிய வேலையை, இருபத்தெட்டு டிகிரித் தண்ணீர் வரும் நம் நாட்டில் செய்யும்போது பசை ஊதி மென்மையாகிவிடும். விரல் பட்டாலே கீறும். ஆகவே வெப்ப நாடுகளில் படிகார இனத்து உப்பைக் கலந்து பசையை இறுக்கிக்கொண்டார்கள். ஐஸ்கட்டி போட்டு நீரைக் குளிர்விப்பதும் உண்டு.

இப்போது அந்தத் துளியைப் பார்ப்போம். கழுவிய சுருளைத் தொங்கவிட்டால் நீர் வழிந்தோடுகிறது. ஆனால் முழுவதும் ஓடுவதில்லை. சில இடங்களில் முத்து முத்தாக நின்றுவிடுகிறது. ஏன்? நீரின் மேற்பரப்பில் ஓர் இழுப்பு உண்டு. அதைப் பரப்பு இழுவிசை என்கிறோம். அது நீரைப் பரவவிடாமல் உருண்டையாகச் சுருட்டிப் பிடிக்கிறது. தாமரை இலைத் தண்ணீர்போல் ஒட்டாமல் இரு என்று நம் முன்னோர் உவமை சொன்னார்களே, அந்த உருளலுக்கு இலையின் மெழுகும் காரணம். நீரின் இந்த இழுப்பும் காரணம்.

நின்றுவிட்ட துளி இரண்டு கேடுகளைச் செய்கிறது. நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு முதலியன வெண்மையான வளையமாகத் தங்குகின்றன. இது முதல் கேடு. சுருளின் முதுகுப்புறத்தில் இருந்தால் இதைத் துடைத்துவிடலாம். இரண்டாவது கேடு பெரிது. பசைப்புறத்தில் துளி நின்றால், சுற்றுப்புறம் காய்ந்த பிறகும் துளியின் அடியில் பசை ஈரமாகவே இருக்கும். ஒரே பசை இரண்டு விதமாகக் காய்வதால் அங்கே இழுபட்டுப் படத்தின் அடர்த்தியே மாறிவிடுகிறது. அந்த வளையம் பிறகு எதற்கும் போகாது.

முதல் கேட்டுக்கு மருந்து தூய நீர். இரண்டாவதற்கு மருந்து நனைப்பான்.

தூய நீர் என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். காய்ச்சிய நீர் வேறு. காய்ச்சி வடித்த நீர் வேறு. காய்ச்சினால் கிருமி சாகும். கரைந்த உப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆவியாக்கிக் குளிர்வித்து வடித்தால்தான் உப்பைப் பின்னே விட்டுவிட்டு நீர் தனியே வரும். மினரல் வாட்டர் புட்டியும் இதற்கு ஆகாது. கனிமம் இருக்கிறது என்பதைத்தானே அதன் பெயரே சொல்கிறது! கார் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் ஆகும். ஆனால் அமிலம் கலந்த பேட்டரித் திரவத்தை எடுத்துவிடக் கூடாது.

அந்தச் சீனப் பெரியவரின் மழைநீரின் பொருள் இப்போது விளங்கும். கடலிலிருந்து ஆவியாகி, மேகமாகிக் குளிர்ந்து விழும் மழைநீர் இயற்கை வடித்துத் தரும் நீர். கூரையில் தூசியும் இலைச்சருகும் இருக்கும் என்பதால், மழை தொடங்கிச் சிறிது நேரம் ஓடவிட்டு, பிறகு பிடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி வைக்க வேண்டும். சதுப்பு நீரும் உவர் நீரும் சூழ்ந்த ஊரில், விலையில்லாமல் கிடைத்த தூய நீர் அதுவே.

நனைப்பான் என்பது நீரின் இழுப்பைத் தளர்த்தும் பொருள். இதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் தலையும் நீரை விலக்கும் வாலும் உண்டு. இவை நீரின் மேற்பரப்பில் வந்து நின்றுகொண்டு இழுப்பைக் குறைக்கின்றன. தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன். நனைப்பான் சில துளி சேர்ந்ததும் அது பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். துளியாக நிற்க முடியாத நீர், மெல்லிய போர்வையாகப் பரவி வழிந்துபோகிறது. எஞ்சியது எங்கும் ஒரே சீராகக் காய்கிறது.

இது தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. புல்லுக்கு மருந்து அடிக்கும்போது, மெழுகுப் பூச்சுள்ள இலையில் துளி உருண்டு விழாமல் பரவி ஒட்டுவதற்கு ஒரு திரவத்தைச் சேர்ப்பார்களே, அதுவும் இந்த இனமே. நம் பாட்டிமார் துணிக்கும் நகைக்கும் பயன்படுத்திய பூந்திக்கொட்டையின் நுரையும் இதே குணத்தது.

ஆலையில் செய்த நனைப்பான் பிறந்த கதை ஒரு பஞ்சத்தின் கதை. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கொழுப்பும் எண்ணெயும் கிடைக்காமல் சோப்புக்கே தட்டுப்பாடு வந்தது. 1917-இல் அங்குள்ள பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் நேக்கல் என்னும் செயற்கைப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். சோப்புக்கு மாற்றாக அது பெரிதாகப் பயன்படவில்லை. ஆனால் துணியை நனைப்பதில் வல்லதாக இருந்ததால் நெசவு ஆலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் இடம்பிடித்தது. அதன் வழிவந்த பொருள்கள் பிறகு புகைப்பட இருட்டறைக்குள்ளும் புகுந்தன. கோடாக்கின் ஃபோட்டோ ஃபுளோ, இல்ஃபோர்டின் இல்ஃபோட்டால் ஆகியவை அப்படி வந்தவை. இன்று நனைப்பான் இனத்துப் பொருள்கள் பலவற்றுக்குச் செம்பனைக் கொட்டை எண்ணெய் ஒரு முக்கிய மூலப்பொருள். ஐரோப்பாவில் எண்ணெய் இல்லாத குறையால் தோன்றிய பொருளுக்கு, அதே 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் ஊன்றிய பயிரின் எண்ணெய் இன்று உதவுகிறது. வரலாற்றில் இப்படியும் சில சந்திப்புகள் நிகழ்கின்றன.

செய்முறை எளிது. கழுவி முடித்தபின், வடிநீரில் 200-க்கு 1 என்ற அளவில் நனைப்பானைக் கலக்க வேண்டும். 300 மில்லிலிட்டர் கொள்ளும் தொட்டிக்கு ஒன்றரை மில்லிலிட்டர் போதும். நல்லது என்று அதிகம் ஊற்றினால் அதுவே பிசுக்காகத் தங்கிவிடும். நுரை வரும்படி குலுக்கக் கூடாது. சுருளை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அதில் அமிழ்த்தி, எடுத்து, அடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட வேண்டும். விரலால் வழித்துவிடும் பழக்கம் வேண்டாம். ஒரு மணல் துகள் போதும், நீளக் கீறல் விழுந்துவிடும். மின்விசிறிக் காற்று தூசியைக் கொண்டுவந்து ஒட்டும். குளியலறைத் தரையை நனைத்துத் தூசியை அடக்கி, கதவைச் சாத்திச் சில மணி நேரம் விட்டுவிடுவதே நல்லது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை நனைப்பானுக்குப் பதிலாகப் போடலாமா என்று கேட்பார்கள். அதில் வாசனையும் நிறமும் வேறு பொருள்களும் இருப்பதால் அதைத் தவிர்ப்பதே நலம்.

பழைய நெகடிவ்கள் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "வடிநீரில் அலசினால் சுத்தமாகும் என்று வானொலியில் சொன்னார்கள்" என்று அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சணம் பிடித்த நெகடிவில் பசை சிதைந்திருக்கும். தண்ணீர் பட்டவுடன் அது கரைந்து, முகத்தையே கொண்டுபோய்விடும். கண்ணாடித் தகடுகளும், பசை உரிந்து வருபவையும் அப்படியே. அவற்றைக் காய்ந்த நிலையில், ஒவ்வொன்றாகக் காகித உறையில் இட்டு, ஈரம் இல்லாத இடத்தில் வைத்து, அறிந்தவரிடம் காட்டுங்கள். முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பிறகு மற்றதைச் செய்யுங்கள். உறையின் மேல், படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே, பென்சிலால் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். முகம் இருந்தும் பெயர் இல்லாமல் போன கூட்டத்தில் இன்னொருவரைச் சேர்க்க வேண்டாம்.

இது கைத்தொலைபேசிக் காலம். சுருள் எதற்கு, கழுவல் எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லயங்கள் இடிக்கப்பட்டு, தோட்டங்கள் கைமாறி, மக்கள் பட்டணத்துக்கும் அடுக்குமாடிக்கும் சிதறிப்போன பிறகு, அந்த வாழ்க்கைக்கு மிஞ்சியிருக்கும் சாட்சிகள் பெரும்பாலும் பிஸ்கட் டின்களில் கிடக்கும் கறுப்பு வெள்ளை நெகடிவ்கள்தாம். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அந்த டின்தான். அது இன்னதென்று தெரிந்தால்தானே காப்பாற்றத் தோன்றும்?

முடிவாக, நாங்கள் கெடுத்த அந்தப் படத்தைப் பற்றி. பல ஆண்டுகள் கழித்து, முறையைக் கற்றுக்கொண்டபின், அந்த நெகடிவைப் பரிசோதித்துப் பூஞ்சணம் இல்லை என்று கண்டு, வடிநீரிலும் நனைப்பானிலும் மறுபடி அலசினோம். முதுகுப்புறத்து வெண்தடங்கள் போய்விட்டன. கண்ணுக்குக் கீழே இருந்த வட்டம் பசைப்புறத்தது, அது போகவில்லை. அப்படியே ஒரு புதிய பிரதி எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டியின் மகளிடம் கொடுத்தோம். வட்டத்தைக் காட்டி, எங்கள் தவற்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அந்த அம்மாள் முந்தானையால் படத்தைத் துடைத்துவிட்டு, "தண்ணி பட்ட இடந்தானே, தம்பி. அம்மா மொகம் தெரியுது. எங்ககிட்ட வேற படம் ஏது?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆதலால், எங்கள் பள்ளி மாணவர்களிடம் படம் எடுப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கடைசித் தண்ணீரைப் பற்றியும் தவறாமல் சொல்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கக்கூடும். இன்று மாலையே அதைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.